கயிற்றுச் சம்மாட்டியாரின் கதிரை

மன்னார்த் தீவில் பிசாசுக்கு ஆகக் கூடுதலாக வேலை கொடுத்தவர் கயிற்றுச் சம்மாட்டியார்தான். மற்றவர்களிடம் அதற்கு அலுவல் சுலபம். ஒருவனுக்குக் கள்ளின் வாசம் போதும். இன்னொருவனுக்குச் சீட்டுக்கட்டைக் காட்டினால் போதும். வந்த வேலை முடிந்து அது வேறு ஊர் பார்க்கலாம். சம்மாட்டியார் வீட்டுக்கு வந்தால் மட்டும் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ஏனென்றால் அவர் பிசாசை விரட்டுவதில்லை. கதிரை போட்டு இருத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். தலைமன்னார் இறங்குதுறையில், இந்தியாவுக்குப் போய்வரும் கப்பலின் சாமான்களைப் பதியும் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. சோறு வடிக்கத் தெரியாது. துறைக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு கத்தோலிக்கக் கரையூரில், சம்மாட்டியார் வீட்டு வெளி அறை கிடைத்தது. சாப்பாடும் அங்கேதான். கரைவலைக்குச் சொந்தக்காரரை அந்தப் பக்கத்தில் சம்மாட்டி என்பார்கள். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று நிச்சயமாக இருந்திருக்கும். நான் அங்கே இருந்த காலத்தில் அதை ஒருவரும் பாவித்ததாக நினைவில்லை.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அலுமாரியில் ஒரு பிராந்திப் போத்தலைக் கண்டேன். கண்ணாடிக் கதவு; உள்ளே வேறு எதுவுமில்லை; போத்தல் நடுவில் தனியாக, கோயில் சுரூபம் மாதிரி நின்றது. சம்மாட்டியாரின் கதிரை அதற்கு நேர் எதிரே.

"கப்பல் கப்பித்தான் தந்தது," என்றார். "தபசுகாலம் துவங்கின அண்டைக்கு அதில வைச்சனான். பாஸ்கு மட்டும் அவரோட கதையில்லை." பாஸ்கு என்னும் உயிர்ப்புத் திருநாள் வரையான நாற்பது நாள் நோன்பைத்தான் அவர் தபசுகாலம் என்றார்.

"உள்ளே எங்கேயாவது ஒளித்து வைக்கலாமே?"

"ஒளிச்சால் அவர் எங்க இருக்கிறார், என்ன செய்யிறார் எண்டு யோசிச்சுக்கொண்டெல்லோ இருப்பன். இஞ்ச எண்டால் கண்ணுக்கு முன்னால நிக்கிறார். சோதனையைக் கண்டு ஓடினால் அது பின்னால கலைச்சுக்கொண்டு வரும், தம்பி. பக்கத்தில வைச்சுக்கொண்டு பாராமல் இருக்க வேணும். அதுதான் வேதக்காரன்."

"பாராமல் இருக்கிற ஆள் ஏன் நேர எதிரில இருக்கிறார் எண்டு கேளுங்கோ," என்றார் சோறு போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி. ஊரே அவரை மாமி என்று அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். மாமி எதையும் சிரிக்காமல் சொல்வார். அதனால் எது பகிடி, எது திட்டு என்று கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கில் சென்றது.

அந்தக் கொள்கை எல்லா நேரமும் வெற்றி பெற்றது என்று சொல்லமுடியாது. கொழும்பிலிருந்த மகன் ஒரு கிராமபோனும் நாட்டியப் பாட்டுத் தட்டு ஒன்றும் அனுப்பினான். வேறு வீட்டில் என்றால் தட்டை உடைத்திருப்பார்கள், அல்லது ஆடியிருப்பார்கள். சம்மாட்டியார் மூன்றாவது வழி கண்டார். மாலையில் குடும்பம் செபமாலைக்கு முழந்தாளிட்டதும் கிராமபோனைச் சுழலவிட்டார். உலகம் காதுக்குள் எவ்வளவு கத்தினாலும் கிறிஸ்தவனின் செபம் குலையக்கூடாது, அதற்குப் பயிற்சி.

முதலிரண்டு நாள் குலையவில்லை. பிறகு அதைவிட மோசமான ஒன்று நடந்தது. செபம் பாட்டின் தாளத்துக்குப் போய்விட்டது. அவர் மாதா பிரார்த்தனையின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக் கொடுக்க, பிள்ளைகளும் அயலவர்களும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதை மேளக்கட்டோடு போட்டார்கள். தட்டு முடிந்தபிறகும் அது நிற்கவில்லை. அந்த வீதியில் செபமாலைக்கு அவ்வளவு சனம் அதற்கு முன் வந்ததில்லை.

கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமிக்குச் செய்தி போனது. அவர் பிரான்சிலிருந்து வந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அதனால் ஊரில் அவர் ஒருவர்தான் சுத்தமான தமிழ் பேசினார். ஒரு மாலை வந்து படலையடியில் நின்று முழுவதையும் கேட்டார். என் அறை படலைக்குப் பக்கம் என்பதால் அவருடைய சப்பாத்தை நன்றாகக் கண்டேன். அது மணலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"சம்மாட்டி," என்றார் முடிவில், "இப்பெட்டியை நாளையே விற்றுவிடும். இது உமக்காக அன்று. எனக்காக."

இனிக் கயிற்றுக்கு வருகிறேன்.

அந்த ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரின் பாடுகளைச் சுரூபங்களால் நடித்துக் காட்டுவார்கள். கோயில் வளவில் மேடை கட்டி, ஆளுயரச் சிலுவையில் ஆண்டவரின் சுரூபத்தை வைப்பார்கள். அதன் கழுத்து அசையும். ஒருவர் பாடுகளின் சரித்திரத்தை நீட்டி இராகமாக வாசிப்பார். ஆண்டவர் உயிர்விடும் கட்டத்தில் சுரூபத்தின் தலை மெதுவாகச் சாயும். தீவெங்குமிருந்து வந்த சனம் ஒரே குரலில் அழும். தலையைச் சாய்க்கும் கயிறு சிலுவையின் பின்புறமாக மேடைக்கு அடியில் இறங்கும். அங்கே கறுப்புத் துணிக்குள் குந்தியிருந்து அதை இழுக்கிறவர்தான் நம்முடையவர். அவருடைய தகப்பன் இழுத்த கயிறு அது. கோயிலில் அவருக்கு வேறு பதவி இல்லை, வேறு பதவி வேண்டியும் இல்லை. கயிறு பிடிக்கிறவர் தபசுகாலம் முழுவதும் இறைச்சி, கள்ளு, கூத்து, களியாட்டம் ஒன்றையும் தொடக்கூடாது. பிராந்திப் போத்தல் அலுமாரிக்குள் நோன்பிருந்ததன் காரணம் இதுவே.

"அடியில் இருந்தால் தலை சாய்வது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. ஒருநாளும் கண்டதில்லை."

"அப்போ எப்ப இழுக்கிறது?"

"துணியில ஒரு கீறல் இருக்கு. அதுக்குள்ளால சனத்தின்ர முகத்தைப் பாப்பன். வாசிக்கிறவருக்கு ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு குரல். அதை நம்பேலாது. முகம் பொய் சொல்லாது. எல்லாரும் மூச்சை நிப்பாட்டுவினம். அப்ப இழுக்க வேணும். முந்தினால் விளையாட்டு. பிந்தினால் கொட்டாவி."

"ஒருக்கால் ஆரிட்டையும் கயித்தைக் குடுத்துப்போட்டு முன்னுக்கு வந்து பாருங்கோவன்," என்றார் மாமி.

"குடுக்கிறதோ. என்ர கை விறைச்சாப் பிறகு எடுக்கட்டும்."

எடுக்க ஒருவர் ஆயத்தமாகவே இருந்தார். அவரைக் கொழும்பார் என்பார்கள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றுவிட்டு, மீசையை வழித்து, கைக்கடிகாரம் கட்டி, ஊரோடு வந்தவர். வந்த பின் பக்தி முற்றிவிட்டது. பூசையில் முதல் ஆள். கோயில் சபையில் இடம் பிடித்துவிட்டார். மீதி இருந்தது கயிறு ஒன்றுதான்.

இந்த நிலையில், தபசுகாலம் முடிய இரண்டு கிழமை இருக்கையில், கப்பலில் பேசும்படம் வந்து இறங்கியது. பெட்டிகளைப் பதிந்தவன் நான்தான். ஓர் இந்தியக் கம்பனி கொழும்புக்குப் போகும் வழியில் சில நாள் எங்கள் பக்கத்திலும் காட்டிப் பார்ப்பதென்று, ஊர் எல்லையில் பனைகளுக்கு நடுவே கூடாரம் அடித்தது. அதுவரை பேசாத படத்தையே பாதிப்பேர் கண்டதில்லை. சுவாமி பிரசங்கத்தில் ஒரே வசனத்தில் முடித்தார்: "அக்கூடாரத்துள் புகுந்து காட்சியில் இன்புறுகிறவன் எவனோ, அவன் இவ்வாண்டு திருப்பாடுகளின் சுரூபங்களைத் தீண்டலாகாது."

ஊர் முழுவதும் தலையாட்டியது. அன்று மாலையே ஊரில் துவாய்கள் காணாமல் போகத் தொடங்கின. பனங்கூடல் வழியாக, துவாயால் முக்காடிட்ட உருவங்கள் ஒவ்வொன்றாகக் கூடாரத்தை நோக்கிப் போயின. சம்மாட்டியாரின் வலை இழுக்கும் பெடியங்கள் அத்தனை பேரும் அதில் அடக்கம்.

மறுநாள் சூரியன் விழமுன்னரே, கதிரையொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சம்மாட்டியார் புறப்பட்டார்.

"எங்க போறியள்?" என்றார் மாமி.

"பயாஸ்கோப்புக்கு."

"கயிறு?"

"நான் படத்தைப் பாக்கப் போகேல்ல. என்ர பெடியளைப் பாக்கப் போறன். அவங்கள் கெட்டுப்போறதெண்டாலும் என்ர கண்ணுக்கு முன்னால கெட்டுப்போகட்டும்."

பனங்கூடல் அவருக்குத் தேவைப்படவில்லை. நடுத்தெருவால், கோயில் வாசலைக் கடந்து, கதிரையோடு போனார். சுவாமியின் சமையற்காரன்கூட வெளியே வந்து பார்த்தான். நானும் பின்னால் போனேன். எனக்குத் தடை எதுவுமில்லை.

கூடாரத்துக்குள் டிக்கட்டைக் கொடுத்துவிட்டு நேரே முன்னுக்குப் போனார். திரைக்குக் கீழே, மணலில் குந்தியிருந்தவர்களுக்கு எதிரே, கதிரையைத் திருப்பிப் போட்டார். திரைக்கு முதுகு, சனத்துக்கு முகம். காதுகளைப் பஞ்சால் அடைத்தார். செபமாலையைக் கையில் எடுத்தார்.

கம்பனி மனேஜர் ஓடிவந்தார். "ஐயா, படம் அந்தப் பக்கம் ஓடும். திரும்பி உக்காருங்க."

சம்மாட்டியார் ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். "தெரியும். காசு குடுத்தனான்தானே. எந்தப் பக்கம் பாக்கிறதெண்டு டிக்கட்டில போட்டிருக்கோ?"

மனேஜர் டிக்கட்டைப் பார்த்தார். போட்டிருக்கவில்லை.

பிரிந்துபோன ராசாவும் ராணியும் காடுகாடாய்த் தேடிப் பாடும் கதை அது. எனக்கு அரைவாசிதான் நினைவிருக்கிறது. மீதி நேரம் நான் சம்மாட்டியாரைப் பார்த்தேன். திரையின் வெளிச்சம் அவர் முதுகைத் தாண்டிச் சனத்தின் மேல் நிலவு மாதிரி விழுந்தது. தொடக்கத்தில் கூடாரம் நிறைய முக்காடுகள். ராணி குழந்தையைத் தொலைத்த கட்டத்தில் எல்லோருக்கும் கண்ணைத் துடைக்க ஏதாவது தேவைப்பட்டது. தலையிலிருந்த துவாய்கள் இறங்கின. பாதிக் கோயில் சபை அங்கே இருந்தது. பின்வரிசைக் கதிரையில் கொழும்பார் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். சம்மாட்டியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்து மடியில் வைத்தார்.

திரும்பி நடக்கும்போது கதையைக் கேட்டேன். கடைசிவரை சரியாகச் சொன்னார்.

"கெட்டவன் வந்தது எப்படித் தெரிஞ்சது?"

"எல்லாரும் பல்லைக் கடிச்சாங்கள்."

"ராணி?"

"மீசையைத் தடவினாங்கள். மீசை இல்லாத ஒராளும் தடவினார்."

சொல்லிவிட்டுக் கதிரையைத் தலையில் சரியாகக் கவிழ்த்துக்கொண்டார்.

கதிரை நடுத்தெருவால் போனதை ஊரே கண்டிருந்தது. ஞாயிறு பூசை முடிய, கோயில் வளவில் சபை கூடியது. கொழும்பார் எழும்பி, தனக்குத் தனிப்பட்ட பகை ஒன்றுமில்லை என்றும், கயிற்றின் பரிசுத்தம் மட்டுமே தன் கவலை என்றும் சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள் தங்கள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்மாட்டி," என்றார் சுவாமி, "நீர் கூடாரத்துள் பிரவேசித்தீரோ?"

"ஓம் சுவாமி. போனனான்."

"படத்தைக் கண்டீரோ?"

"காணேல்ல சுவாமி. முதுகு காட்டிக்கொண்டு இருந்தனான்."

சுவாமி இந்தப் பதிலுக்குத் தயாராக வரவில்லை. தாடியைக் கோதினார். "ஆயினும் அது பேசும் படம் அன்றோ?"

"காதுக்குள்ள பஞ்சு வைச்சனான்."

சபையில் சிலர் மூச்சு விட்டார்கள். ஆள் தப்பிவிட்டார் என்று நானும் நினைத்தேன். சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார்.

"இடையில எடுத்துப்போட்டன், சுவாமி. எல்லாரும் அழுதிச்சினம். ஏன் அழுகினம் எண்டு எனக்குத் தெரியவேணும் போல கிடந்தது. பேந்து கேட்டனான். முடியும் மட்டும் கேட்டனான். நல்லாயிருந்தது."

அந்த "நல்லாயிருந்தது" தான் அவரைக் கவிழ்த்தது. சுவாமி தாடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எல்லாரும் என்றீரே. அவர்கள் யாவர்?" என்று கேட்டார்.

கொழும்பார் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே இறுகிப்போய்ச் சுற்ற மறுத்தது. சம்மாட்டியார் ஒரு பெயர் சொன்னால் போதும். கயிறு அவரைவிட்டு அசையாது. ஏனென்றால் அதை வாங்கும் தகுதியுள்ள கை அந்த வட்டத்தில் வேறில்லை.

"இருட்டு, சுவாமி," என்றார்.

கயிறு கொழும்பாருக்குப் போனது.

அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த மீனைப்போல நான் பிறகு ஒருநாளும் கண்டதில்லை. பொழுதுபட ஒவ்வொருவராக வருவார்கள். ஒரு பாரை மீனையோ இறால் பையையோ படியில் வைப்பார்கள். கொஞ்சம் காற்று, கொஞ்சம் நீரோட்டம் பற்றிப் பேசுவார்கள். எழும்பும்போது, "அண்டைக்கு நல்ல இருட்டு, என்ன சம்மாட்டியார்?" என்பார்கள்.

"கும்மிருட்டு," என்பார் அவர்.

"உந்த இருட்டு இன்னும் ஒரு கிழமை நிண்டால் நாங்கள் கருவாடு போடலாம்," என்றார் மாமி.

ஆனால் அவர் சாப்பிடவில்லை. கதிரையை அலுமாரிக்கு எதிரேயிருந்து சுவரோரம் நகர்த்திவிட்டார். நோன்பு காக்கக் காரணம் போய்விட்ட மனிதர் போத்தலைத் திறப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். போத்தல் அப்படியே நின்றது. அதோடு பேசாமலிருப்பதில் அவருக்கிருந்த சந்தோஷம் மட்டும் இல்லாமல் போயிற்று.

வியாழன் பின்னேரம் கொழும்பார் மீனில்லாமல் வந்தார். "எப்ப இழுக்கிறது?" என்று கேட்டார், முற்றத்திலேயே நின்றபடி.

"சனத்தின்ர முகத்தைப் பாரும். மூச்சு நிக்கும்."

"எல்லா முகமும் ஒரே மாதிரியெல்லோ கிடக்கு."

"இல்லைக் காணும். பாரும். தெரியும்."

கொழும்பார் போனபின் மாமி சொன்னார்: "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இவ்வளவு காலமும் காணாத முகத்தை நாளைக்குக் காணப்போறியள். முன்னுக்குப் போய் நில்லுங்கோ."

அவர் முகம் அந்தக் கிழமையில் முதல்தடவை கொஞ்சம் தெளிந்தது. "ஓம் என்ன," என்றார்.

பெரிய வெள்ளி பின்னேரம் வளவு நிறைந்து வழிந்தது. மேடைக்கு முன்னால், முதல் ஆளாகச் சம்மாட்டியார். தோய்த்துலர்ந்த வெள்ளை வேட்டி. நான் ஓரத்தில், மேடையும் சனமும் இரண்டும் தெரியும் இடத்தில் நின்றேன். அவர் சிலுவையில் இருந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசிப்பு ஏறிக்கொண்டே போய் அந்த வசனத்தில் நின்றது.

தலை சாயவில்லை.

வாசிக்கிறவர் வசனத்தைத் திரும்ப வாசித்தார். தலை சாயவில்லை. கறுப்புத் துணி மட்டும் நடுங்கியது. பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு சிரிப்பு எங்கேயோ முளைத்து, கையால் பொத்தப்பட்டது. மூன்றாம் முறை வாசிக்க அவர் வாயெடுத்தபோது, சம்மாட்டியார் திரும்பினார். சிலுவைக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இதென்ன பயாஸ்கோப்பே?" என்று மாமி பல்லுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

சம்மாட்டியார் பார்த்தார். வலை இழுக்கிற பெடியங்களை, துவாய்க்காரரை, சபைக்காரரை, ஒவ்வொரு முகமாக. அந்தப் பார்வை போன இடமெல்லாம் இருமல் அடங்கியது, சிரிப்பு அடங்கியது, குழந்தைகளும் அடங்கின. வாசிக்கிறவர் வசனத்தை எடுத்தார். முகங்கள் இறுகுவதை நான் கண்டேன். முழு வளவும் மூச்சை நிறுத்தியது. அப்போது, முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த சம்மாட்டியாரின் கை விரிந்து, இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இழுத்தது.

துணியின் கீறலுக்கு நேரே அந்தக் கை இருந்தது.

தலை சாய்ந்தது. அழுகை எழுந்தது. அதற்குப் பிறகும் அவர் திரும்பவில்லை.

பாஸ்கு அன்று அலுமாரி திறந்தது. போத்தலுக்கு முன்னால் சம்மாட்டியாரும் கொழும்பாரும் எதிரெதிரே இருந்தார்கள். கொழும்பார் சுவாமியிடம் தானாகப் போய்த் தன் இருட்டைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்; அவரைப் பார்த்து மற்றவர்களும் போக, சுவாமி அடுத்த வருடம் கயிறு பழைய கைக்கே என்று தீர்த்துவிட்டார். மாமி பாரைக் கருவாடு பொரித்தார்.

கொழும்பார் போனபின் கேட்டேன். "ஒருமுறை என்றாலும் திரும்பிப் பார்த்திருக்கலாமே. இனி எப்ப கிடைக்கும்?"

"பாத்தனான், தம்பி," என்றார். "உங்கள் எல்லாற்றை முகத்திலயும் கண்டனான்."

பிறகு நான் கொழும்புக்கு வந்து, மெத்தைக் கதிரை போட்ட தியேட்டர்களில் எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். கதை உருகும் இடத்தில், பக்கத்திலிருப்பவர்கள் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடும்போது, என் கண் திரைக்குக் கீழேயுள்ள வெறும் இடத்துக்குத்தான் போகிறது. அங்கே ஒரு கதிரை, எங்களைப் பார்த்தபடி.